எது அசையாமல் நிற்க வேண்டும்: ஓடும் வண்டியில் கேமரா பொருத்தும் கலை

ஓடும் வாகனத்தில் கேமராவைப் பொருத்துவது கம்பி, கிளாம்ப், பட்டை ஆகியவற்றோடு மல்லுக்கட்டும் வேலை என்றே திரைப்படத் துறைக்கு வெளியே உள்ளவர்கள் எண்ணுகிறார்கள். படத்தின் அழகைப் பேசுவோர் லென்ஸையும் ஒளியையும் பேசிவிட்டு, அந்த லென்ஸ் எதன்மீது நின்றது என்பதைக் கேட்காமலேயே கடந்துவிடுகிறார்கள். உண்மையில், ஓட்டத்தின் நடுவே எது அசையாமல் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை சொல்வது கேமராவைத் தாங்கும் அந்த அமைப்புதான். வண்டி நிலையாக நின்று உலகம் குலுங்கலாம். தொடுவானம் நிலையாக நின்று வண்டி துள்ளலாம். உள்ளே இருப்பவரின் முகம் மட்டும் நிலைத்து மற்றவை யாவும் நழுவிச் செல்லலாம். மவுண்ட் எனத் தொழிலில் வழங்கும் அந்தத் தாங்கியைத் தேர்ந்தெடுக்கும்போதே காட்சியின் பொருளில் பாதி முடிவாகிவிடுகிறது.

இந்தக் கலையின் தொடக்கம் தண்டவாளத்தில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரயில் எஞ்சின்களின் முகப்பில் கேமராவை வைத்து எடுத்த குறும்படங்கள் மேலைநாடுகளில் பெரும் வரவேற்பைப் பெற்றன. அவ்வகையில் இன்றும் பார்க்கத் தக்கது, மைல்ஸ் சகோதரர்கள் 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து மார்க்கெட் தெருவில் கேபிள் காரின் முன்புறம் கேமராவைப் பொருத்தி எடுத்த படமாகும். கேபிள் கார் என்பது தெருவுக்கு அடியில் ஓடும் இரும்பு வடம் சீரான வேகத்தில் இழுத்துச் செல்லும் வண்டி. அந்தச் சீர்மையும் தண்டவாளத்தின் வழவழப்பும் சேர்ந்து கேமராவுக்கு அமைதியான இருக்கையைத் தந்ததால், குறுக்கே பாயும் குதிரை வண்டிகளும் மோட்டார்களும் பாதசாரிகளும் தங்கள் போக்கில் சட்டகத்துக்குள் வந்துபோகிறார்கள். சில நாட்களிலேயே, ஏப்ரல் 18 அன்று நேர்ந்த நிலநடுக்கமும் தீயும் அந்தத் தெருவின் பெரும்பகுதியை அழித்தன.

தார்ச்சாலை அத்தகைய சலுகையைத் தருவதில்லை. சாலையில் எழும் அசைவுகள் இரு வகைப்படும் என்பதை உணர்ந்தவரே நல்ல தாங்கியை அமைக்க முடியும். மேடுபள்ளத்தால் வரும் மெதுவான ஆட்டம் கண்ணுக்குத் தெரியும். பார்வையாளர் அதைப் பயணத்தின் இயல்பாக ஏற்றுக்கொள்வார். எஞ்சினிலிருந்து வரும் நுண்ணிய அதிர்வோ ஆட்டமாகத் தெரியாமல் படத்தின் கூர்மையைத் தின்றுவிடுகிறது. நிமிடத்துக்கு 800 சுற்று என்ற அளவில் நின்றபடி உறுமும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் வினாடிக்கு ஏறத்தாழ 27 முறை எரிபொருள் வெடிக்கிறது. வினாடிக்கு 24 சட்டகம் பதியும் கேமராவில் ஒரு சட்டகம் ஒளியேற்கும் நேரம் வழக்கமாக 48இல் ஒரு பங்கு வினாடி என்பதால், அதற்குள் அதிர்வு தன் ஓர் ஊசலாட்டத்தில் பாதிக்கு மேல் முடித்துவிடுகிறது. ஃபோகஸ் சரியாக இருந்தும் முகம் மங்கலாக இருக்கிறதே என்று படத்தொகுப்பு அறையில் வியக்கும் பலர், குற்றத்தை லென்ஸின்மீது சுமத்துகிறார்கள். வரிவரியாக ஒளியைப் படிக்கும் டிஜிட்டல் சென்சாரில் இதே அதிர்வு நேர்கோடுகளை நெளியச் செய்து, மின்கம்பத்தைக்கூட வளைந்தாடும் ஜெல்லியாக்கிவிடும்.

ஆகவே, தேர்ந்த கைவினைஞர் தாங்கியை எடைமிக்கதாகவும் குட்டையாகவும் அமைக்கிறார். நீண்ட ஒற்றைக் கம்பியின் நுனியில் கேமராவை நிறுத்துவதை அவர் வெறுப்பதற்குக் காரணம், நீளம் கூடக்கூட அதிர்வும் பெருகும் என்பதே. மூன்று திசைகளிலிருந்து வரும் கம்பிகள் முக்கோணமாகக் கூடும் இடத்தில் கேமரா அமர்ந்தால், வண்டியின் உடலோடு அது ஒன்றிவிடும். கம்பிகளின் மறுமுனையில் இருப்பது சக்‌ஷன் கப் எனப்படும் ரப்பர் கிண்ணம். கண்ணாடித் தகடுகளைத் தூக்குவோர் பயன்படுத்தும் அதே கருவிதான் படப்பிடிப்பிலும் பயன்படுகிறது. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் அடியில் முழு வெற்றிடம் உண்டானால், காற்றுமண்டலம் அதை ஏறத்தாழ 180 கிலோ விசையுடன் அழுத்திப் பிடிக்கும். கைப்பம்பினால் கிடைப்பது அதற்குக் குறைவே என்றாலும், கேமராவுக்கு அது தாராளம். தரமான கிண்ணத்தின் பம்புத் தண்டில் ஒரு சிவப்புக் கோடு வரையப்பட்டிருக்கும். காற்று உள்ளே கசியக் கசியத் தண்டு வெளியே நகர்ந்து அந்தக் கோடு கண்ணில் படும்; பட்டவுடன் மீண்டும் பம்ப் செய்ய வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னர் வண்டியைச் சுற்றிவந்து அந்தக் கோடுகளைப் பார்ப்பவரே நம்பத் தக்க உதவியாளர். பானட்டில் ஒட்டியிருக்கும் மெழுகுப் பூச்சும் புழுதியும் கிண்ணத்தின் பகைவர்கள். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் காற்றழுத்தமே நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுவதால், சென்னையில் உறுதியாக நின்ற அமைப்பு அங்கே அதே உறுதியுடன் நிற்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கிண்ணம் எவ்வளவு உறுதியானாலும், கேமராவைத் தனியாக ஒரு பட்டையால் வண்டியின் உலோகச் சட்டத்தோடு கட்டாமல் பொதுச்சாலையில் இறங்குவது பிறர் உயிரோடு விளையாடுவதாகும்.

இறுக்கமான தாங்கியின் அழகை முழுமையாக வெளிக்கொணர்ந்த படம் ஜான் ஃபிராங்கன்ஹைமரின் 1966ஆம் ஆண்டுப் படமான 'கிராண்ட் பிரீ'. ஸ்டுடியோவில் காரை நிறுத்திவைத்துப் பின்னால் திரையில் சாலையை ஓட்டிக்காட்டும் அன்றைய வழக்கத்தை அவர் மறுத்து, 65 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராக்களைச் சில நூறு கிலோ எடையே கொண்ட பந்தயக் கார்களின் உடலோடு பொருத்தினார். சக்கரத்தின் அருகிலிருந்து முன்னோக்கிப் பார்க்கும் காட்சிகளில் சட்டகத்தின் ஓரத்தில் டயரும் அதைத் தாங்கும் மெல்லிய கம்பிகளும் துடிப்பதைக் காணலாம்; காரின் உடல் மட்டும் கல்போல் நிற்க, மொனாக்கோவின் தெருக்கள் அதன்மீது பாய்ந்து வருகின்றன. வேகம் என்பது உடலால் தாங்கப்படும் ஒன்று என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம் வேறில்லை எனலாம்.

உயரத்தின் மாயத்தை அறிய 1976இல் குளோட் லெலூஷ் பாரிஸ் நகரத்தின் விடியற்காலைத் தெருக்களில் வெட்டே இன்றி எடுத்த எட்டு நிமிடக் குறும்படத்தைப் பார்க்க வேண்டும். கேமரா காரின் முகப்பில், தரையை ஒட்டி அமர்ந்திருக்கிறது. சாலை நழுவிச் செல்வதாகக் கண்ணுக்குத் தோன்றும் வேகம் கேமராவின் உயரம் குறையக் குறையக் கூடும். ஓட்டுநரின் கண்மட்டமான 120 சென்டிமீட்டரிலிருந்து 50 சென்டிமீட்டருக்கு இறக்கினால், அதே வண்டி இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் பறப்பதாகத் தோன்றும். லெலூஷ் ஓட்டியது மெர்சிடிஸ் 450 எஸ்இஎல் 6.9 என்னும் பெரிய கார். எண்ணெயும் வாயுவும் தாங்கும் அதன் மிருதுவான சஸ்பென்ஷன் கற்பாவிய தெருக்களின் குலுக்கலை விழுங்கிக்கொண்டது. காதில் விழும் உறுமலோ பின்னர் சேர்க்கப்பட்ட ஃபெராரி காருடையது. போக்குவரத்து விதிகளை மீறி எடுத்த அந்த முறையைப் போற்ற முடியாது. கேமராவை வைத்த இடத்தைப் போற்றாமலும் இருக்க முடியாது.

கேமராவை வண்டியின் உடலோடு ஒன்றவைக்கும் இந்த முறைகளுக்கு நேரெதிரான வழியில் சென்றார் கீவ் நகரத்தைச் சேர்ந்த அனத்தோலி கோகுஷ். காரின் கூரையில் சுழலும் நீண்ட கரத்தைப் பொருத்தி, அதன் நுனியில் கைரோஸ்கோப் உணரிகளால் சமநிலை காக்கும் கேமராத் தலையை வைத்து, யாவற்றையும் வண்டிக்குள் இருந்தபடியே இயக்க வழிசெய்த அவருக்கு 2006இல் ஆஸ்கர் அகாதமி அறிவியல், பொறியியல் விருது அளித்தது. அதே ஆண்டில் வெளிவந்த 'சில்ட்ரன் ஆஃப் மென்' படத்தில் காரின் கூரையை நீக்கி, மேலே தண்டவாளம் அமைத்துக் கேமராவைத் தொங்கவிட்டு, அது கடந்து செல்லும்போது நடிகர்களின் இருக்கைகள் சாய்ந்து வழிவிடுமாறு செய்திருந்தார்கள். வியக்கத் தக்க பொறியியல்தான் இது. எனினும், எங்கும் போகக்கூடிய கேமராவுக்கு எங்கே நிற்பது என்ற கட்டுப்பாடு எளிதில் மறந்துபோகிறது. இன்றைய துரத்தல் காட்சிகள் பலவற்றில் வழவழப்பு மிஞ்சி, எடை காணாமல் போனதற்கு இதுவே காரணம்.

காருக்குள் இருக்கும் மனிதரைக் காட்டுவதற்குப் பானட் மீதோ, கதவில் தொங்கும் தட்டின் மீதோ கேமராவை வைப்பது பழைய வழக்கம். முன்கண்ணாடியில் விழும் வானத்தின் பிரதிபலிப்பைப் போலரைசர் என்னும் வடிகட்டி குறைக்கும். அதை முற்றிலும் அழித்துவிடாமல், மரநிழல்கள் முகத்தின்மீது ஊர்ந்து செல்லும் அளவுக்கு விட்டுவைப்பதே சுவையறிந்தவர் செய்வது.

அப்பாஸ் கியரோஸ்டமி கேமராவைக் கண்ணாடிக்கு உள்ளேயே கொண்டுவந்தார். 2002இல் வந்த 'டென்' படத்தில் தெஹ்ரான் நகரத்தில் ஓடும் காரின் டேஷ்போர்டில் இரண்டு சிறிய டிஜிட்டல் கேமராக்கள், ஒன்று ஓட்டும் பெண்ணையும் மற்றது பக்கத்து இருக்கையையும் நோக்கி அமர்ந்திருக்கின்றன. முதல் உரையாடலில் மகன் தாயோடு சண்டையிடுகிறான். அவன் காதைப் பொத்துவதும் கத்துவதும் சன்னலை நோக்கித் திரும்புவதும் நெடுநேரம் தெரிகின்றன. தாயின் குரல் மட்டும் கேட்க, அவன் இறங்கிப்போன பின்னரே அவள் முகம் திரையில் வருகிறது. இயக்குநரோ ஒளிப்பதிவாளரோ பக்கத்தில் இல்லாத தனிமையை அந்தத் தாங்கிகள்தாம் நடிகர்களுக்குத் தந்தன. வண்டிக்குள் நிகழும் மனித நாடகத்துக்கு இதைவிடச் சிறந்த தாங்கி இதுவரை அமைக்கப்படவில்லை. காருக்குள் படமெடுக்க முனையும் இளைஞர்கள் விலையுயர்ந்த கரங்களை வாடகைக்கு எடுப்பதற்கு முன், 'டென்' படத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட வேண்டும்.