பட்டை கிழிந்த மாமரம்

கொல்லை மாமரத்தில் பட்டை போய்விட்டதா? முதலில் காயத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ஈரப்பச்சை தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. முழு வட்டமாகப் பட்டை போனால்தான் ஆபத்து. இலை சமைத்த உணவு வேருக்கு இறங்காது.

மரத்தூளும் புழுக்கையும் கோத்த பட்டுப்பாதை தண்டில் ஓடினால், அது பட்டைப்புழுவின் வேலை. பகலெல்லாம் துளைக்குள் தூக்கம், இரவில் அந்தக் கூரைக்கடியில் மேய்ச்சல். என்ன சாமர்த்தியம்! பாதையை வழித்தெடுத்து, துளைக்குள் கம்பி விட்டுக் குத்த வேண்டும்.

செத்த பட்டையைச் சீவிவிட்டுப் போர்டோ பசை பூசலாம். 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு, மொத்தம் 1 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்த பிறகே கலக்க வேண்டும். துலக்கிய இரும்புக் கத்தியை முக்கினால் செம்பு நிறம் படிகிறதா? இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். காய்ந்தபின் தெரியும் அந்த நீலம் எனக்கு எந்தப் பெயின்டையும்விட அழகு.

பிறகு மரமே பார்த்துக்கொள்ளும். காயத்தின் விளிம்பு உதடுபோலத் தடித்து, வருடாவருடம் உள்நோக்கி நகரும். தென்னையிடம் மட்டும் இதை எதிர்பார்க்க முடியாது. அதில் விழுந்த வெட்டு மூடாது.