தன் அவலமும் பிறர் அவலமும்: ஈழப் போர் நாவல்களும் பாதிப்புற்ற வாசகரும்

ஈழப் போரைப் பொருளாகக் கொண்ட நாவல்கள் குறித்த திறனாய்வு பெரும்பாலும் இரண்டு வினாக்களைச் சுற்றியே அமைந்துள்ளது. அவை வரலாற்றுக்கு உண்மையாக உள்ளனவா என்பது ஒன்று. எந்த அரசியல் நிலைப்பாட்டைச் சார்ந்தன என்பது மற்றொன்று. அந்நிகழ்வுகளுக்குள் வாழ்ந்து மீண்ட ஒருவர் அத்தகைய நாவலை ஏன் நாடுகிறார், ஏன் தவிர்க்கிறார் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. தவிர்ப்பது வாசிப்பு ஆர்வமின்மையாகவோ வரலாற்றை மறக்கும் முயற்சியாகவோ கருதப்படுவதுண்டு. அக்கருத்து மறுபரிசீலனைக்குரியது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கைக் கூறுகிறது. இதற்கு உரை வகுத்த பேராசிரியர் அழுகையைத் தானே அவலித்தல், பிறர் அவலம் கண்டு அவலித்தல் என இரண்டாகப் பகுக்கிறார். இக்காலத் திறனாய்வு மனத்தில் கொண்டுள்ள வாசகர் பெரும்பாலும் இரண்டாம் வகையினர். அவருக்கு நாவல் பிறர் துயரை அறியும் வாயில். முதல் வகையினர் அத்துயரை முன்னரே அறிந்தவர். அவ்வாறாயின் நாவலில் அவர் பெறுவது யாது?

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) இதற்கு ஒரு விடையைத் தருகிறது. பிரெஞ்சு அதிகாரிகளுக்கு எழுதப்பட்ட அகதித் தஞ்ச மனுவாக அந்நாவல் தொடங்குகிறது. தஞ்ச மனுவில் துயரைச் சொல்வது சொல்பவரின் விருப்பத்தைச் சார்ந்ததன்று. நம்பப்பட வேண்டும் என்பதற்காக, நாளும் இடமும் சான்றும் காட்டி, அதிகாரி ஏற்கும் வடிவில் சொல்லியாக வேண்டும். அதே வாழ்வை நாவல் பின்னர் எள்ளலும் ஊர்ப்பேச்சும் கலந்த மொழியில் சொல்லும்போது, மனுவில் அடங்காதது எவ்வளவு என்பது புலனாகிறது. பாதிப்புற்ற வாசகர் பெறுவது ஆறுதலைவிட, மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து தம் அனுபவம் விடுபடும் ஓர் இடத்தையே எனலாம்.

தவிர்ப்பின் காரணமும் இதனோடு தொடர்புடையது. பேரிடர்க்குப் பிந்தைய மனவடுவை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் வரையறுத்தபோது, நிகழ்வு மீளமீள நினைவில் எழுவதையும் அதனை நினைவூட்டுவனவற்றிலிருந்து விலகுவதையும் ஒரே நிலையின் கூறுகளாகக் கொண்டது. நாடலும் தவிர்த்தலும் ஒருவரிடமே நிகழக்கூடும். நினைவு அழைக்காமல் வருவது. நூலோ மூடி வைக்கத்தக்கது. எனினும் அடுத்த பக்கத்தில் எது காத்திருக்கிறது என்பதை முன்கூட்டி அறிய இயலாது.

இதற்கு மேலும் ஓர் அச்சம் உண்டு. சயந்தனின் ‘ஆறாவடு’ (2012) என்னும் தலைப்பு 129ஆம் குறளை நினைவூட்டுகிறது. தீயால் வந்த புண் உள்ளே ஆறிவிடும், சொல்லால் வந்த வடு ஆறாது என்பது அக்குறளின் கருத்து. போரில் இழந்தவர் நிகழ்வுக்கு மட்டும் அஞ்சுவதில்லை. அது தவறாகச் சொல்லப்படுவதற்கும், பிறரின் சொற்கள் தம் நினைவின் இடத்தைப் பிடித்துக்கொள்வதற்கும் அஞ்சுகிறார். அந்நிலையில் தவிர்த்தல் என்பது தம் நினைவைக் காக்கும் செயலாகிறது.

இதனால் பாதிப்புற்றவரே இலக்கியத் தரத்தின் இறுதி நடுவர் என்று கொள்ள வேண்டுவதில்லை. ஒருவரின் நினைவோடு ஒத்துப்போகும் நாவல் கலைநிலையில் தோற்கலாம். ஒத்துப்போகாத நாவல் வெல்லலாம். திறனாய்வு ஏற்க வேண்டுவது, வாசிக்க மறுப்பதும் ஒரு வாசக நிலையே என்பதைத்தான்.

வகுப்பறையில் இதன் விளைவு நேரடியானது. போர் நாவல் பாடமாகும்போது, மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் மாணவரும் அங்கு அமர்ந்திருக்கக்கூடும். ‘உன் அனுபவத்திலிருந்து சொல்’ என்று அவரைக் கேட்கும் ஆசிரியர், நல்லெண்ணத்துடனேயே, தஞ்ச மனுவை விசாரிக்கும் அதிகாரியின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறார். நாவல் விடுவித்த கட்டாயத்தை வகுப்பறை மீண்டும் சுமத்தலாகாது.