எஃகுக் கோமானின் ஈகை வேதம்

2025ஆம் ஆண்டு மே திங்களில் பில் கேட்ஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தமது செல்வத்தை ஏறக்குறைய முழுவதும் இருபது ஆண்டுகளில் அறப்பணிக்கு ஈந்துவிடப் போவதாகவும், 2045 முடிவில் தமது அறநிறுவனத்தையே மூடிவிடப் போவதாகவும் கூறினார். 20,000 கோடி டாலர் செலவிடத் திட்டம்! கொடைவள்ளல் என்ற பட்டத்தைச் சூட்டப் பலர் முந்தினர். நாம் புகழ்மாலையும் தொடுக்கவில்லை, வசைமாரியும் பொழியவில்லை. அந்த அறிவிப்பிலே அவர் சுட்டிக்காட்டிய ஒரு பழைய கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்தோம். சீடரைச் சீர்தூக்குமுன் குருவின் ஓலையைப் பார்ப்பது முறையல்லவா?

கட்டுரையை எழுதியவர் ஆண்ட்ரூ கார்னெகி, அமெரிக்காவின் எஃகுக் கோமான். 1889 ஜூனில் 'நார்த் அமெரிக்கன் ரெவ்யூ' என்ற இதழில் வெளிவந்தது. தலைப்பு, 'செல்வம்'. பின்னரோ 'செல்வத்தின் நற்செய்தி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஏசுநாதரின் வரலாற்றுக்கு வழங்கும் பெயர் எஃகு முதலாளியின் கட்டுரைக்கு வந்து சேர்ந்த விந்தையைப் பாருங்கள்! வேதம் என்றாலே வினாத் தொடுக்கலாகாது என்பார்கள். நாமோ வினாத் தொடுத்தே வளர்ந்தவர்கள்.

கார்னெகி பொன்தொட்டிலில் பிறந்தவரல்லர். ஸ்காட்லாந்தில் டன்ஃபெர்ம்லின் என்ற ஊரில், 1835இல், கைத்தறி நெசவாளியின் மகனாகப் பிறந்தார். நீராவித் தறி வந்தது, தந்தையின் தறி ஓய்ந்தது, 1848இல் குடும்பம் கப்பலேறிற்று. அமெரிக்காவின் பஞ்சாலையிலே வாரத்துக்கு 1 டாலர் 20 செண்ட் கூலிக்கு ஓடியாடிய சிறுவன் அவர். கர்னல் ஆண்டர்சன் என்ற நல்லவர் தமது 400 நூல்களை உழைக்கும் சிறுவர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் திறந்து வைத்தார்; அந்த வாசலில் நின்றவர்களில் இவரும் ஒருவர். அந்த நன்றி அவரை இறுதிவரை விட்டதில்லை. இதை நாம் மனமார ஒப்புக்கொள்கிறோம்.

எழுத்திலும் அவர் சோடை போகவில்லை. மழுப்பல் இல்லை, பூச்சு இல்லை. பெருஞ்செல்வத்தை மக்களுக்கு விட்டுப்போவது மக்களையே கெடுக்கும் என்கிறார். செத்தபின் உயில் எழுதி ஊருக்கு வைப்பதில் பெருமை இல்லை, கொண்டுபோக முடியாததால் விட்டுப்போனதுதானே என்று குத்துகிறார். சேர்த்ததைச் சேர்த்தபடியே வைத்துக்கொண்டு மாள்வது இழுக்கு என்கிறார். பிறப்பினால் வரும் மேன்மையை மறுக்கும் நமக்கு, தந்தை சொத்தினால் வரும் மேன்மையைச் சாடும் ஒரு செல்வரின் குரல் கசக்குமா? கசக்காது. ஆனால் அந்த இனிப்பை முன்னே தந்துவிட்டு அவர் பின்னே ஊட்டுவது என்ன?

சிலர் கையிலே செல்வம் குவிவது போட்டி என்னும் விதியின் விளைவு என்கிறார். தனி மனிதனுக்கு அது கொடுமையாக இருக்கலாம். ஆனால் தக்கவன் தழைப்பதால் மனித இனத்துக்கு அதுவே நலமாம். ஹெர்பர்ட் ஸ்பென்சரின் சீடரல்லவா! பாதிரியார் பேச்சில் பற்றுக் குறைந்தவர்தாம், எனினும் மாதா கோயில்களுக்கு 7,000-க்கு மேற்பட்ட இசைப்பேழைகளை வாங்கித் தந்தவர். கடவுள் இட்ட விதி என்று சொல்ல அவருக்கு மனம் இல்லை, இயற்கை இட்ட விதி என்கிறார். நம் நாட்டிலே 'முன்வினைப் பயன்' என்று சொல்லி ஏழையின் வாயை அடைத்தார்கள். அங்கே 'போட்டியின் சட்டம்' என்று சொல்லி அடைத்தார்கள். பூட்டு வேறு, பூட்டப்பட்ட வாய் ஒன்றே.

கட்டுரையின் உயிர்நிலை அதற்கும் அடுத்து வருகிறது. செல்வர் என்பவர் ஏழைகளின் சொத்துக்குத் தருமகர்த்தாவாம்! ஏழைகள் தாங்களே செய்துகொள்வதைவிட அவர் நன்றாகச் செய்து தருவாராம். அதே தொகை சிறு சிறு கூறாகப் பலர் கைக்குப் போயிருந்தால் வயிற்றுக்கும் வீண் ஆசைக்கும் செலவாகிப் போயிருக்கும். ஒருவர் கையில் திரண்டு நின்றால் ஊருக்கே பயன்படும் என்கிறார். பிச்சைக்காரனுக்குக் கால் டாலர் கொடுத்த ஒரு நண்பரைக்கூட அவர் விடவில்லை. அந்தக் கால் டாலர் கெட்ட வழிக்கே போயிருக்கும் என்று அடித்துச் சொல்கிறார்.

வயிற்றுக்குப் போவது வீணாம்! குழந்தையின் பால், மனைவியின் மருந்து, மகனின் பள்ளிச் செலவு, இவையெல்லாம் வீண். கோமான் எழுப்பும் கற்கட்டடம் மட்டும் பயன். கூலியாகக் கொடுத்தால் கெட்டுப்போவான், கொடையாகக் கொடுத்தால் திருந்துவான் என்று நெசவாளியின் மகன் எழுதுகிறார். தருமகர்த்தா என்ற சொல்லுக்கு நம் ஊரில் என்ன பொருள் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்வி: தருமகர்த்தாவை நியமித்தது யார்? கணக்குக் கேட்பது யார்?

கணக்குக் கேட்டார்கள், 1892இல், பென்சில்வேனியா மாநிலத்தின் ஹோம்ஸ்டெட் ஆலையில். கூலி விகிதத்தைக் குறைக்கும் ஒப்பந்தத்தைத் தொழிலாளர் சங்கம் ஏற்க மறுத்தது. நிர்வாகி ஃபிரிக் கதவடைத்தார். ஜூலை 6ஆம் நாள், பிங்கர்டன் கம்பெனியின் துப்பாக்கி ஏந்திய 300 பேர் ஆற்று வழியே படகில் வந்திறங்க முயன்றனர். சுட்டார்கள், சுடப்பட்டார்கள், இரு பக்கமும் பிணங்கள் விழுந்தன. பின்னர் மாநிலப் படை 8,000 பேருக்கு மேல் வந்தது, ஆலை திறந்தது, சங்கம் சாய்ந்தது. கார்னெகி எங்கே? ஸ்காட்லாந்திலே ஓய்வில். 1886இல் தொழிற்சங்க உரிமையை ஆதரித்துக் கட்டுரை எழுதிய அதே கை, ஃபிரிக்குக்கு ஆதரவு தெரிவித்துக் கடிதமும் எழுதியிருந்தது. பேனா ஒன்றுதான், மை இரண்டு!

அந்த ஹோம்ஸ்டெட்டுக்கு 1898இல் ஒரு நூலகம் வந்தது. அழகிய நூலகம், கார்னெகியின் கொடை. ஆலையிலோ பெரும்பாலோருக்கு நாளைக்கு 12 மணி நேர வேலை. இரு வாரத்துக்கு ஒருமுறை பகல் வேலை இரவு வேலையாக மாறும்போது ஒரேயடியாக 24 மணி நேரம். உலைக்கு முன்னே வெந்து திரும்பியவன் எந்த வேளையில் ஏடு புரட்டுவான்?

இங்கே நம் உள்ளம் சற்றுத் தடுமாறுகிறது என்பதை மறைக்கமாட்டோம். தேநீர்க் கடைப் பலகையிலும் முடிதிருத்தகத்திலும் ஏடு படித்து, படிப்பகம் வைத்து வளர்ந்த இயக்கம் நம்முடையது. உலகெங்கும் 2,509 நூலகங்களுக்குப் பணம் தந்த ஒருவரைக் குறை கூற எளிதில் நா எழுவதில்லை. அந்தக் கூடங்களில் படித்து உயர்ந்த ஏழைப் பிள்ளைகள் எத்தனை ஆயிரம்! அவர்களில் ஒருவனை நிறுத்தி, 'இந்தப் புத்தகத்தைத் தொடாதே, இதில் இரத்தக் கறை' என்று நாம் சொல்வோமா? சொல்லோம். படிக்கட்டும். கட்டடத்தின் கணக்கையும் சேர்த்துப் படிக்கட்டும் என்றே சொல்வோம்.

கணக்கு இது. கார்னெகி கட்டடத்துக்குத்தான் பணம் தந்தார். நிலம் ஊரார் தர வேண்டும். கொடைத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரார் வரிப்பணத்திலிருந்து ஒதுக்க வேண்டும். இது அவரே விதித்த நிபந்தனை. பத்தாண்டு சென்றால் ஊராரின் பணம் அவர் பணத்துக்கு ஈடாகிவிடும். அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு மிஞ்சும். வாசலிலே பெயர் மட்டும் அவருடையது! நிபந்தனை நல்ல நிபந்தனைதான். பொது நூலகத்தைப் பொதுப்பணம் காக்க வேண்டும் என்பது சரியே. 1948இல் சென்னை மாகாணச் சட்டம், சொத்து வரியோடு நூலக வரியைச் சேர்த்து, கோமான் எவரையும் எதிர்பாராமலே அதைச் செய்தது.

மற்றொரு கணக்கு. 1901இல் கார்னெகி தமது கம்பெனியை ஜே.பி. மார்கன் குழுவினருக்கு 48 கோடி டாலருக்கு விற்றார். அவர் பங்குக்கு வந்தது ஏறக்குறைய 22½ கோடி, 5 விழுக்காடு வட்டி தரும் பத்திரங்களாக. ஆண்டு வட்டி மட்டும் ஒரு கோடிக்கு மேல்! நூலகங்கள் அத்தனைக்கும் சேர்த்துச் செலவான தொகை 5 கோடியே 60 லட்சம் டாலர் அளவு. அதாவது ஐந்தாண்டு வட்டி. வட்டி வந்தது புதிய எஃகு நிறுவனத்திலிருந்து, அதே உலைகளிலிருந்து, அதே 12 மணி நேரத்திலிருந்து. கொடுக்கக் கொடுக்கக் குறையவில்லை என்று அவரே அலுத்துப்போய், 1911இல் 12½ கோடியை ஓர் அறநிறுவனத்திடம் ஒப்படைத்தார். 1919இல் மறைவதற்குள் அவர் கொடுத்தது 35 கோடி டாலர் என்பர். அமெரிக்க எஃகு ஆலைகளில் 12 மணி நேர வேலை ஒழிந்தது 1923இல்.

கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நாம் கோடிட்டு வைத்திருக்கிறோம். பெருஞ்செல்வர் இறந்தால் அரசு அவர் சொத்தின்மீது கடுமையாக வரி விதிக்க வேண்டும், எல்லா வரிகளிலும் அறிவார்ந்த வரி அதுவே என்ற கருத்து அங்கே இருக்கிறது. பில் கேட்ஸும் அவர் தந்தையாரும் அந்த வரிக்கு ஆதரவாகப் பேசியவர்கள்தாம். ஆயினும், கட்டுரை மீண்டும் மேற்கோளாக வந்த அதே 2025இல், ஜூலைத் திங்களில், அமெரிக்கச் சட்டம் மாறிற்று: 2026 முதல் ஒருவர் 1½ கோடி டாலர் வரை வாரிசுக்கு விட்டுப்போகலாம், கூட்டரசுக்கு ஒரு செண்ட் வரியும் இல்லாமல்.