பந்து வருமுன் பாருங்கள்: டைட் எண்டை ரசிக்கும் வழி

அமெரிக்கன் ஃபுட்பால் ஒளிபரப்பில் கேமரா பந்தை விட்டு நகராது. குவார்ட்டர்பேக் எறிகிறார், யாரோ பாய்ந்து பிடிக்கிறார், அரங்கம் அதிர்கிறது. நம் கண்ணும் அதோடு ஓடிவிடுகிறது. ஆனால் டைட் எண்ட் என்ற ஆட்டக்காரரின் வேலையில் பாதி, பந்தைத் தொடாமலே செய்யும் வேலை. அதைப் பார்க்கப் பழகாதவரை அவருடைய திறமையும் நமக்குப் பாதிதான் தெரியும். பழகிக்கொள்ள, அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் டைட் எண்டாக ஆடிய ராப் கிரான்கவ்ஸ்கியின் ஆட்ட வாழ்க்கையைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

எங்கே நிற்கிறார்?

தாக்கும் அணியின் 11 பேரில் ஐந்து பேர் நடுவில் வரிசையாக நிற்பார்கள். எதிராளியை மறித்துத் தள்ளுவது அவர்கள் வேலை. முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்கப் பொதுவாக அவர்களுக்கு அனுமதி இல்லை. அந்த வரிசையின் ஓரத்தை ஒட்டி நிற்பவர்தான் டைட் எண்ட். அவர் மறிக்கவும் வேண்டும், ஓடிப்போய்ப் பிடிக்கவும் வேண்டும். கிரிக்கெட் ஆல்ரவுண்டர் பந்து வீசும் நேரம் வேறு, மட்டை பிடிக்கும் நேரம் வேறு. டைட் எண்ட் இந்த முறை எந்த வேலையைச் செய்யப்போகிறார் என்பதோ ஆட்டம் தொடங்கும் நொடிவரை எதிரணிக்குத் தெரியாது. அவருடைய மதிப்பே அந்தச் சந்தேகத்தில்தான் இருக்கிறது. அவரை மறிப்பவராக நினைத்துக் கனத்த ஆட்களை இறக்கினால், அவர் அவர்களைத் தாண்டி ஓடிவிடுவார். ஓடுபவராக நினைத்து மெலிந்த, வேகமான ஆட்களை இறக்கினால், அவர்களை ஒதுக்கித் தள்ளி வழி திறந்துவிடுவார்.

எதைப் பார்ப்பது?

முதலில் அவரைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் சட்டை எண் 80களில் இருக்கும். கிரான்கவ்ஸ்கிக்கு 87, ஆறரை அடி உயரம், சுமார் 120 கிலோ எடை. கையைத் தரையில் ஊன்றி வரிசையை ஒட்டி நிற்கிறாரா, விலகி நிமிர்ந்து நிற்கிறாரா என்று கவனியுங்கள். எதிரணியும் அதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கும்.

அடுத்து, அவருடைய முதல் இரண்டு அடிகள். மறிக்கப் போனால், கைகள் எதிராளியின் மார்புக்கு நடுவே போகின்றனவா, இடுப்பு தாழ்ந்திருக்கிறதா, மோதிய பிறகும் கால்கள் நடந்துகொண்டே இருக்கின்றனவா என்று பாருங்கள். மோதியதும் கால் நின்றுவிட்டால் அந்த மறிப்பு தோற்றது. சில சமயம் மறிப்பதுபோல ஒரு நொடி தோள் கொடுத்துவிட்டு, எதிராளி ஏமாந்த நேரத்தில் வெற்றிடத்துக்கு நழுவிவிடுவார். இந்த விளையாட்டின் மிக நேர்த்தியான ஏமாற்று இதுதான் என்பேன்.

மூன்றாவது, பிடிக்கும்போது உடம்பை வைக்கும் விதம். கூடைப்பந்து பழகியவர்களிடம் இது தனியாகத் தெரியும். டைட் எண்ட் அன்டோனியோ கேட்ஸ் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடியவர். கல்லூரி அளவில் ஃபுட்பாலே ஆடவில்லை. 2003-ல், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைமுறையில் எடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத அவரை சான் டியாகோ சார்ஜர்ஸ் சேர்த்துக்கொண்டது. ரீபவுண்டுக்கு இடம் பிடிப்பதுபோல எதிராளியை முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிட்டுப் பந்தை எடுப்பார். அப்படியே 116 முறை எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்து டச்டவுன் அடித்தார். டைட் எண்டுகளில் அதுதான் உச்சம்.

எண்களுக்கு வெளியே

முதுகு அறுவை சிகிச்சையால் கல்லூரியின் ஒரு முழு சீசனையும் இழந்த கிரான்கவ்ஸ்கியை, 2010 டிராஃப்டில் 42-வது ஆளாக நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் எடுத்தது. அடுத்த ஆண்டே 17 டச்டவுன் பந்துகளைப் பிடித்தார். அதற்குமுன் எந்த டைட் எண்டும் ஒரே சீசனில் அத்தனை பிடித்ததில்லை. பிறகு 2012-ல் முன்கை முறிந்தது, 2013-ல் முழங்கால் போனது, 2016-ல் மறுபடி முதுகில் அறுவை. வரிசையில் மோதுவதற்கும் திறந்த வெளியில் பாய்ந்து பிடிப்பதற்கும் ஒரே உடம்பைக் கொடுப்பவர், அடியையும் இரண்டு பக்கமும் வாங்கியாக வேண்டும்.

2018 சீசனில் அவர் பிடித்தவை 47, டச்டவுன் மூன்றே. எண்களை மட்டும் பார்த்தால் ஆள் ஓய்ந்துவிட்டார் என்றுதான் தோன்றும். அதே சீசனின் இறுதிக்கட்ட வெளியேற்றுச் சுற்றான பிளேஆஃபில், 2019 ஜனவரியில் சார்ஜர்ஸோடு நடந்த ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பாருங்கள். அன்று அவர் ஒரே ஒரு பந்துதான் பிடித்தார். ஆனால் பேட்ரியாட்ஸின் சோனி மிஷெல் பந்தோடு 129 யார்டு ஓடி மூன்று டச்டவுன் அடித்தார். மிஷெலை விட்டுவிட்டு 87-ஐ மட்டும் பின்தொடருங்கள். திறந்த வழிகளில் அவர் கையும் இருப்பது தெரியும்.

இனி 2019 பிப்ரவரி 3, அட்லாண்டாவில் நடந்த, சாம்பியனைத் தீர்மானிக்கும் சூப்பர் பவுல். எதிரே லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். கடைசிக் கால் பகுதியில் 3-3 என்று இழுபறி. பேட்ரியாட்ஸ் இரண்டு டைட் எண்டுகளையும், ஓடுபவருக்கு முன்னால் மறிக்கும் ஒரு ஃபுல்பேக்கையும் இறக்கியது. ஓட்டத்துக்கான கனத்த கூட்டம் என்று கணித்து, ராம்ஸும் கனத்த ஆட்களையே வைத்துக்கொண்டது. இறங்கியவர்களோ அகலமாகப் பரவி நின்றார்கள். அடுத்தடுத்து மூன்று எறிதல்கள்: கிரான்கவ்ஸ்கிக்கு 18 யார்டு, சக ஆட்டக்காரர்கள் எடெல்மனுக்கு 13, பர்க்ஹெட்டுக்கு 7. அடுத்து கிரான்கவ்ஸ்கி நேர்கோட்டில் ஓடினார். ராம்ஸின் தடுப்பாட்டக்காரரான லைன்பேக்கர் கோரி லிட்டில்டன் ஒட்டியே ஓடினார். குவார்ட்டர்பேக் டாம் பிராடி எறிந்த பந்து லிட்டில்டனைத் தாண்டி வந்து கிரான்கவ்ஸ்கியின் கையில் இறங்கியது. 29 யார்டு, எல்லைக்கு இரண்டே யார்டு. அடுத்த ஓட்டத்தில் மிஷெல் அடித்ததுதான் அந்த ஆட்டத்தின் ஒரே டச்டவுன். ஆட்டம் 13-3 என முடிந்தது.

அவர் மறிக்கத் தெரியாதவராக இருந்திருந்தால் ராம்ஸ் அந்தக் கனத்த ஆட்களை வைத்திருக்க வேண்டிய தேவை அவ்வளவாக இருந்திருக்காது. சார்ஜர்ஸோடு பந்து தொடாமல் செய்த வேலையின் பலன்தான் அந்த 29 யார்டு.

அடுத்த மாதமே, 29 வயதில், ஓய்வு பெற்றார். 2020-ல் திரும்பிவந்து டாம்பா பே அணிக்காக ஆடி, அந்த சீசனின் சூப்பர் பவுலில் இரண்டு டச்டவுன் அடித்தார். இதற்கு நேர் எதிரான வாழ்க்கை இன்னொரு டைட் எண்டான டோனி கொன்சாலஸுடையது: 1997 முதல் 17 சீசன், 1,325 பிடிப்புகள், தவறவிட்ட ஆட்டங்கள் இரண்டே இரண்டு, சூப்பர் பவுல் மட்டும் வாய்க்கவில்லை. இருவரையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இந்த இடத்தை எத்தனை விதமாக ஆடலாம் என்பது விளங்கும்.

தொடங்குவதற்கு நல்ல நாள் அக்டோபரின் நான்காவது ஞாயிறு. அதை டைட் எண்டுகளின் நாளாகவே என்எஃப்எல் கொண்டாடுகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையின் பகல் ஒரு மணி ஆட்டம் இந்திய நேரப்படி இரவு பத்தரைக்குத் தொடங்கும். ஒரு டைட் எண்டைத் தேர்ந்தெடுங்கள். முதல் கால் பகுதி முழுக்கப் பந்தை மறந்து அவரை மட்டும் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் எத்தனை பிடித்தார் என்று பார்க்குமுன், அவருக்காக எதிரணி யாரையெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால், டைட் எண்டை ரசிக்கத் தெரிந்துவிட்டது என்று பொருள்.