இரவுக் கவசம்

காலையில் எழுந்தால் தாடை கடுக்கும். கொட்டாவி விட்டால் காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்று வீட்டில் சொன்னார்கள். "வயித்துல பூச்சி இருக்கும், வேப்பங்கொழுந்து தின்னு" என்றாள் அம்மா. கடைசியில் பல் மருத்துவர் செய்து தந்தது இந்த 'நைட் கார்டு': லாட வடிவில், நிறமில்லாத அக்ரிலிக் துண்டு.

செய்கிற விதமே அழகு. கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட்டைத் தண்ணீரில் குழைத்து, தட்டில் அப்பி, பல்வரிசையில் அழுத்துகிறார்கள். சில நிமிடத்தில் இறுகிவிடுகிறது. அந்த அச்சில் ஜிப்சம் மாவை ஊற்றினால் நம் பற்களே வெள்ளைக் கல்லாக வெளியே வருகின்றன. கவசம் அதன்மேல்தான் உருவாகிறது. பிறகு அதை வாயில் மாட்டி, நீலத் தாளைக் கடிக்கச் சொல்கிறார்கள். புள்ளி அழுத்தமாக விழுந்த இடத்தை மட்டும் ராவி எடுக்கிறார்கள். மறுபடி கடி, மறுபடி ராவல். இரண்டு பக்கமும் சமமாகப் புள்ளி விழும்வரை மருத்துவர் விடவில்லை. அந்தப் பொறுமையை இன்னும் மறக்க முடியவில்லை.

கடிப்பதை இது அடியோடு நிறுத்திவிடாது. உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் எனாமல்; தேய்ந்தால் திரும்ப வளராது. அதற்குப் பதிலாக இந்தத் துண்டு தேய்கிறது. எட்டு மாதத்தில் என் கவசத்தின் கடைவாய்ப் பக்கம் மங்கி, ஒரு சின்னக் குழி விழுந்திருக்கிறது. வெந்நீர் பட்டால் வளைந்துவிடும் என்பதால் தினமும் பச்சைத் தண்ணீரில்தான் கழுவுகிறேன்; அப்போது அந்தக் குழியை விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கிறேன்.