யூசுப் கான் கோட்டைக்கு ஒரு ட்ரிக்கர்

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ 1999இல் வந்தது. அதை விளையாடித் தீர்த்தவர்களில் பலர் முகப்பிலேயே இருக்கும் ‘மேப் எடிட்டர்’ பொத்தானைத் தொட்டிருக்க மாட்டார்கள். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்தவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? அந்த எடிட்டரையும் 2000இல் வந்த ‘கான்கரர்ஸ்’ விரிவாக்கத்தையும் வைத்து, 1764ஆம் ஆண்டு மதுரை முற்றுகையை ஆட்டமாக்கிப் பார்த்தேன். வரைபடம் போட அருமையான கருவி. ‘இது நடந்தால் அது நடக்கட்டும்’ என்று விதி போடும் ட்ரிக்கர் எழுதவும் வசதிதான். ஆனால் எங்கே தப்பு என்று தேட ஆரம்பித்தால் பொறுமை போய்விடும்.

முதல் தொல்லை நிறம். பழைய ஆட்டம் 256 நிறங்களோடு ஓடுவது. விண்டோஸ் 7 போன்றவற்றில் டெஸ்க்டாப்பும் அதே நிறத்தட்டில் கைவைப்பதால் புல்தரையும் தண்ணீரும் ஊதா, சிவப்பு என்று பல்லிளிக்கும். டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை மூடிவிட்டு ஆடுவது பழைய வைத்தியம். ரசிகர்கள் செய்த ‘யூசர்பேட்ச்’ போட்டால் அகலத்திரை வசதியும் சேர்ந்து கிடைக்கும்.

வரைபடத்துக்கு மதுரை மாதிரி தோதான ஊர் இல்லை. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊர். எடிட்டரின் கட்டங்களோ திரையில் சாய்சதுரமாகக் கிடக்கும். வீதிகளைக் கட்டங்களின் வரிசைப்படியே போட்டுவிடுங்கள். வடக்கு திரையின் ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும் மதில் நேராக வரும். வைகைக்கு ‘ஷாலோஸ்’ என்னும் ஆழமற்ற நீர் போதும், படை நடந்தே கடக்கும்.

இனி முற்றுகை. மதுரைக் கோட்டைக்குள் இருந்தவர், மருதநாயகம் என்றும் கான் சாகிப் என்றும் சொல்லப்படும் யூசுப் கான். அவரை ஆங்கிலேயக் கும்பெனியாலும் ஆற்காட்டு நவாபாலும் நேரடித் தாக்குதலில் வீழ்த்த முடியவில்லை. உணவு உள்ளே போகாமல் அடைத்தார்கள். கடைசியில் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். ஆக, ஆட்டத்தில் கோட்டை பீரங்கியால் விழக்கூடாது. பசியால் தளர்ந்து துரோகத்தால் விழவேண்டும்.

பசிக்கு ஒரு ட்ரிக்கர். டைமர் நிபந்தனை, ‘ட்ரிப்யூட்’ விளைவு, லூப்பிங் ஆன். குறித்த நேரத்துக்கு ஒருமுறை யூசுப் கானின் உணவு கொஞ்சம், யார் கட்சியிலும் சேராத ‘கையா’வுக்குப் போய்விடும். டைமர் ஆட்டத்தின் நொடியைத்தான் எண்ணும், வேகத்தைக் கூட்டினால் அதுவும் முந்தும்.

துரோகத்துக்கு இன்னொன்று: கோட்டைவாசலை ‘சேஞ்ச் ஓனர்ஷிப்’ மூலம் கும்பெனிக்கு மாற்றுவது. பொருளைக் குறிப்பிடாமல் பகுதியை மட்டும் வளைத்துக் காட்டினால் உள்ளே இருக்கும் யூசுப் கானின் ஆட்கள், மதில், எல்லாமே கட்சி மாறிவிடும். இதன் ஆரம்ப நிலையை ஆஃபில் வைத்து, வேறொரு ட்ரிக்கரால் எழுப்புங்கள். நிபந்தனை இல்லாமல் ஆனில் கிடந்தால் ஆட்டம் தொடங்கியதுமே வாசல் கைமாறிவிடும்.

எழுப்பும் அந்த ட்ரிக்கரில்தான் சிக்கல். இவ்வளவு உணவு ‘சேர்ந்துவிட்டதா’ என்று கேட்க நிபந்தனை உண்டு. ‘குறைந்துவிட்டதா’ என்று கேட்கப் பழைய எடிட்டரில் வழியில்லை. அதற்குக் கணினி ஆட்டக்காரரை நடத்தும் ஏஐ ஸ்கிரிப்டிடம் போகவேண்டும். நோட்பேடில் நாலு வரி: உணவு நூறுக்குக் கீழே என்றால் சிக்னல் 1 அனுப்பு, பிறகு ‘டிசேபிள்-செல்ஃப்’. ட்ரிக்கர் பக்கம் ‘ஏஐ சிக்னல்’ நிபந்தனை அதைக் கேட்டுக்கொள்ளும். அந்த டிசேபிள்-செல்ஃப் விட்டுப்போனால் விதி ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப ஓடும். சோதனைக்காக ஒரு சாட் வரியும் சேர்த்திருந்தால் திரை முழுக்க அதுவே.

ஸ்கிரிப்ட் பட்டியலிலேயே தெரியவில்லையா? ‘.பெர்’ கோப்புக்குத் துணையாக அதே பெயரில் காலியான ‘.ஏஐ’ கோப்பு வேண்டும். நோட்பேட் சத்தமில்லாமல் வாலில் ‘.டிஎக்ஸ்டி’ ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், பாதிக் கோளாறு அங்கேதான். அடைப்புக்குறி விட்டுப்போனால் ஆட்டம் வரி எண்ணோடு பிழை சொல்லும். இந்த எடிட்டரிடம் கிடைக்கும் அபூர்வ உபகாரம் அது.

தமிழில் வசனம் வைக்க நினைத்தால் பழைய பதிப்பு கேள்விக்குறிகளாகக் கொட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களும் ஓரளவு நல்ல கணினி உள்ளவர்களும் 2019இல் வந்த ‘டெஃபினிட்டிவ் எடிஷ’னுக்கே போய்விடலாம். ‘அல்லது’ நிபந்தனை அதில் உண்டு, ‘இல்லையென்றால்’ என்றும் திருப்பிக் கேட்கலாம். 2022இல் சேர்ந்த திராவிடர் படை தமிழிலேயே பேசுகிறது; ராஜேந்திர சோழனுக்குத் தனிப் படையெடுப்பும் உண்டு. பழைய மடிக்கணினிக்கு கான்கரர்ஸும் யூசர்பேட்சும் தாராளம்.

முற்றுகைக் கதையில் இன்னொன்று பாக்கி: 1763இல் முதல் முற்றுகையைக் கைவிட வைத்தது மழை. ஓடும் ஆட்டத்தில் தரையைத் தண்ணீராக்கும் விளைவு பழைய எடிட்டரில் கிடையாது. ‘டேமேஜ் ஆப்ஜெக்ட்’ கொண்டு கும்பெனி பீரங்கிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாக்கி, மழை என்று திரையில் ஒரு வரி காட்டிச் சமாளித்திருக்கிறேன்.