குறியெதிர்ப்பையும் கொடையும்

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, எங்கள் தில்லி அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. பேச வந்தவர் தமிழர். நேரந்தவறாத உழைப்பு, கடவுள் நம்பிக்கை, ஈகை மூன்றும் இருந்தால் புரமோஷன் தானாக வரும் என்றார். திரையில் ஒரு குறளையும் காட்டி, "பத்து கொடுங்க, நூறா திரும்பி வரும். வள்ளுவர் கேரண்டி!" என்றார். ஒரே கைதட்டல். வடநாட்டு நண்பர்கள், ஏதோ நானே எழுதிய குறள் போல என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து நூலைப் பிரித்த பிறகுதான் உறுத்தியது.

உழைப்பைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் பிழையில்லை. தளராத ஊக்கம் உடையவனிடம் செல்வம் வழி கேட்டுக்கொண்டு போய்ச் சேரும் என்கிறது 594-ஆம் குறள். ஈகைக்கு அப்படி ஒரு வாக்குறுதி உண்டா? வள்ளுவர் போட்ட வரிசையே வேறு. முயன்று தேடிய பொருள் தக்கவர்க்கு உதவுவதற்காக (212). உதவும் பெருமிதம் முயற்சியில்தான் தங்கியிருக்கிறது (613). உழைப்பு முதலில், கொடை அதன் பின். கொடுத்தால் உயர்வு வரும் என்று வண்டியைத் திருப்பிப் பூட்டியவர்கள் நாம்தான்.

ஈகை அதிகாரத்தின் முதற்குறளிலேயே ஓர் அருமையான சொல் இருக்கிறது: குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தருவது. பக்கத்து வீட்டில் ஒரு ஆழாக்குச் சர்க்கரை வாங்கித் திருப்பிக் கொடுப்போமே, அதுதான். இல்லாதவனுக்குக் கொடுப்பது மட்டுமே ஈகை, மற்றதெல்லாம் இந்தக் கைமாற்று வகையைச் சேர்ந்தது என்று வள்ளுவர் கோடு கிழித்துவிடுகிறார். நூறை எதிர்பார்த்துக் கொடுக்கிற பத்து, குறியெதிர்ப்பைகூட ஆகாது, வட்டிக்கடை.

இதே சொல் புறநானூற்றின் 163-ஆம் பாட்டிலும் வருகிறது. குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார் மனைவியிடம் பேசுகிறார். உன்னை விரும்பியவர், நீ விரும்பியவர், உன் சுற்றத்தார், பசிக்காலத்தில் நமக்குக் குறியெதிர்ப்பை தந்தவர், இன்னார் என்று பாராமல், என்னைக் கலந்துகொள்ளாமலும் எல்லார்க்கும் கொடு என்கிறார். சேர்த்து வைத்து வாழலாம் என்ற நினைப்பையும் விலக்கிவிடுகிறார். பட்ட கடனுக்கும் அதில் இடமுண்டு, ஆனால் கடனோடு நிற்கவில்லை.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1978-இல் வேலைக்காகத் தில்லி வந்தேன். ஏதோ காகிதம் வந்து சேரவில்லை என்று இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை. கரோல்பாக்கில் மெஸ் நடத்திய ஒரு மாமா, "முதல்ல சாப்பிடு. கணக்கு எங்க ஓடிடப் போறது?" என்றார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, அடுப்புக்கு முன் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் வேலை தொடங்குவார். பயிற்சியாளர் சொன்ன மூன்றும் குறைவறக் கூடிய மனிதர். சில ஆண்டுகளில் மெஸ் கடனில் மூழ்கியது. மாற்றலாகிப் போன பிள்ளைகளின் பாக்கி ஒரு நோட்டு நிறைய இருந்தது.

மாமா எங்கே தவறினார்? நல்வினைப் பயன் இல்லாமை எவர்க்கும் பழியன்று, முயற்சி இல்லாமையே பழி என்று 618-ஆம் குறள் அவரை விடுவித்துவிடுகிறது. தெய்வத்தால் ஆகாமற் போனாலும் முயற்சி உடல் வருந்திய அளவுக்குப் பயன் தரும் என்பது அடுத்த குறள். அதில் வள்ளுவர் போட்ட சொல் கூலி, பரிசு அன்று. தெய்வம் என்பதை ஊழ் என்றே பரிமேலழகர் கொள்கிறார். அன்றாடக் கூலிக்கு மேல் உறுதியளிக்க ஆசிரியர் துணியவில்லை என்பதே என் வாசிப்பு.

என் கட்சிக்கு இடைஞ்சலான குறளும் உண்டு. ஏழையின் பசி தீர்ப்பதே பொருளைச் சேமிக்கும் இடம் என்கிறது 226. பின்னால் உதவும் வைப்பு என்பது உரை. பயிற்சியாளர் இதைக் காட்டியிருந்தால் எனக்குப் பதில் சொல்வது கடினம். ஆனால் அதே அதிகாரத்தில், மேலுலகமே இல்லையென்றாலும் ஈதலே நன்று என்று 222 நிற்கிறது. ஒப்புரவால் கேடு வருமானால் தன்னை விற்றாவது அந்தக் கேட்டை வாங்கிக்கொள்ளலாம் என்கிறது 220. கொடுத்துக் கெடுவதும் உண்டு என்று அறிந்து எழுதியவர் அவர்.

மெஸ்ஸை மூடிய வாரம் போய்ப் பார்த்தேன். என் கணக்கை மூன்றாம் மாதமே தீர்த்துவிட்டேன், எனவே துணிந்து, "பாக்கியை வசூல் பண்ணித் தரட்டுமா மாமா?" என்று கேட்டேன். "பசிச்சது, சாப்பிட்டா. விடு" என்றார். சமையலறை வாசலில் மாமி நின்றிருந்தார். கையில் வளையல் இல்லை. 220-ஆம் குறளை அவரிடம் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை, இன்றும் வராது. தன்னை விற்பவனோடு சேர்ந்து விலைபோகிறவர்களைப் பற்றி அந்தக் குறளில் பேச்சில்லை. பெருஞ்சித்திரனாராவது கொடுக்கும் உரிமையை மனைவி கையில் வைத்தார். அவர் மனைவி என்ன பதில் சொன்னார் என்பது பாட்டில் இல்லை.